நுரையீரலில் குடியேறும் பூசணம்



விடாமல் மழை பெய்யும் மாதங்களில், நெடுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். தோல் இடைவாரிலும் செருப்பிலும் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் படர்ந்திருக்கும். மறந்துபோய் வைத்த ரொட்டித் துண்டின்மேல் பச்சையும் நீலமும் கலந்த பூசணம் மண்டியிருக்கும். விரலால் தட்டினால் மெல்லிய தூள் எழும்பிப் பறக்கும். நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். பறந்த தூள் எங்கே போயிற்று என்று யாரும் யோசிப்பதில்லை. அதில் ஒரு சிறு பங்கு நம் மூச்சோடு உள்ளே போயிருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் நேர்வதில்லை. சிலருக்கு மட்டும், குறிப்பாக முன்பு காசநோய் கண்டு குணமானவர்களுக்கு, அது நுரையீரலிலேயே குடியேறி, ஆண்டுக்கணக்கில் உடலை அரித்துவிடுகிறது. அந்த நோயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் என்னிடம் வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிப் பிழைத்தவர். வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்குக் காசநோய் வந்து, ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு, முற்றிலும் குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்தார். பிறகு மெல்ல மெல்ல இருமல் தொடங்கியது. உடல் இளைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் காலையில் கோழையில் இரத்தம் கண்டது. பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் குழி தெரிந்தது. கோழையில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. ஆனாலும் குழி இருக்கிறது, இரத்தம் வருகிறது, முன்பு நோய் இருந்திருக்கிறது என்பதால், மறுபடியும் காசநோய் மருந்தையே கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் முடிந்தும் இருமல் நிற்கவில்லை. ஓராண்டு கழித்து மூன்றாம் முறையும் அதே மருந்து. கோழைப் பரிசோதனையில் கிருமி இல்லை என்ற முடிவே ஒவ்வொரு முறையும் வந்திருந்தது.

அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: “டாக்டர், இவருக்கு மறுபடியும் டி.பி.தானே? ஒட்டிக்கும்னு பயந்து பேத்தியை மகள் வீட்டுக்கு அனுப்பிட்டோம்.” பெரியவர் தலையைக் குனிந்தவாறே, “தட்டு, டம்ளர், பாய் எல்லாம் எனக்குத் தனி டாக்டர். ரெண்டு வருஷமாச்சு” என்றார். குரலில் குற்றஞ்சாட்டும் தொனிகூட இல்லை.

இந்தப் பெரியவரின் நுரையீரலில் அப்போது காசநோய் இல்லை. அது விட்டுச்சென்ற குழியில் ஒரு பூசணம் குடியிருந்தது. அந்தப் பூசணம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதே இல்லை.

அந்தப் பூசணத்தின் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ். 1729ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த மிக்கேலி என்ற பாதிரியார், தாவர ஆராய்ச்சியிலும் வல்லவர், இதை உருப்பெருக்கியில் பார்த்தார். ஒரு மெல்லிய காம்பு, அதன் உச்சியில் ஓர் உருண்டைத் தலை, அந்தத் தலையைச் சுற்றிலும் மணிமணியாக வித்துகள். தேவாலயத்தில் புனித நீரைத் தெளிக்கும் கருவியை அது நினைவூட்டவே, அக்கருவியின் இலத்தீன் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். இந்தக் குடும்பம் மிகப் பெரியது. எல்லாமே தீயவை அல்ல. நாம் மீகோரெங்கில் ஊற்றும் கிச்சாப் இருக்கிறதே, அதற்கான சோயா அவரையைப் புளிக்க வைப்பது இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூசணம்தான். குளிர்பானங்களில் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தைத் தொழிற்சாலைகளில் உண்டாக்கித் தருவது இன்னொன்று. நமக்குத் தொல்லை தருவதில் முதலிடம் வகிப்பது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்பது. மட்கும் இலைதழையிலும், எருக்குழியிலும், ஈரம் பட்ட தானியத்திலும், மண்ணிலும் வளரும். எருக்குழியின் சூட்டையே தாங்கும் இயல்புள்ளதற்கு நம் உடலின் 37 பாகைச் சூடு ஒரு பொருட்டா?

இதன் வித்து ஒன்றின் அகலம் 2 முதல் 3 மைக்ரான். அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. பெரிய தூசியாக இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். இது அவ்வளவு சிறியதாகையால், மூச்சுக்குழல்களின் கிளைகளை எல்லாம் கடந்து, நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகள்வரை போய்ச் சேர்ந்துவிடும். நாள்தோறும் நூற்றுக்கணக்கான வித்துகளை நாம் ஒவ்வொருவரும் உள்ளிழுக்கிறோம். ஆனாலும் நோய் வராததற்குக் காரணம், நுரையீரலுக்கு இரண்டு காவல்கள் இருப்பதுதான். மூச்சுக்குழல்களின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை சளிப்படலத்தை இடைவிடாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில் ஒட்டிய தூசியும் வித்தும் தொண்டைக்கு வந்து, நமக்குத் தெரியாமலேயே விழுங்கப்பட்டுவிடும். இதைத் தாண்டிக் காற்றறைக்குள் போய்விட்ட வித்தை அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்கள் விழுங்கிச் செரித்துவிடும். வித்து முளைவிடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

காவல் இல்லாத இடம் ஒன்று நுரையீரலுக்குள் இருந்துவிட்டால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட இடங்களில் முதன்மையானது, காசநோய் ஆறிய பிறகு எஞ்சும் குழி.

காசநோய்க் கிருமி நுரையீரல் திசுவை அழுகச் செய்து, அது கோழையாக வெளியேறிய பின் அந்த இடம் பொந்தாகிவிடுகிறது. மருந்தினால் கிருமி சாகும். பொந்து சில பேருக்குச் சுருங்கி மூடிக்கொள்ளும். சிலருக்குத் தழும்புச் சுவரோடு திறந்தே நின்றுவிடும். அந்தச் சுவரில் மயிரிழைகள் இல்லை. இரத்த ஓட்டம் குறைவாகையால் வெள்ளணுக்களும் அங்கே எளிதில் வருவதில்லை. ஆனால் காற்று மட்டும் வந்துபோகும். இருட்டு, ஈரம், இதமான சூடு, காற்று. ஒரு பூசணத்திற்கு வேறென்ன வேண்டும்? உள்ளே விழுந்த வித்து முளைத்து, சுவரில் ஒட்டி, நூல் நூலாகக் கிளைத்துப் படர்கிறது. மாதங்கள் செல்லச் செல்லச் சுவர் தடிக்கிறது. படர்ந்த படலம் உரிந்து குழிக்குள் விழுந்து, இறந்த அணுக்களும் சளியும் கோத்துக்கொண்டு, பஞ்சு உருண்டைபோல் திரள்கிறது. இதைப் பூசண உருண்டை என்று சொல்லலாம். எக்ஸ்ரே படத்தில், வட்டமான குழிக்குள் ஒரு வெண்ணிற உருண்டையும் அதன்மேல் பிறைபோல ஒரு கரிய காற்றிடைவெளியும் தெரியும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொல்லி மறுபடி படம் எடுத்தால், கிண்ணத்துக்குள் கிடக்கும் எலுமிச்சம்பழம்போல அந்த உருண்டை இடம் மாறி உருண்டிருக்கும். முதன்முதலில் இதைப் பார்க்கும் இளம் மருத்துவர்கள் வியந்துபோவார்கள். நானும் வியந்திருக்கிறேன்.

காசநோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1842லேயே எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர், காசநோயாளி ஒருவரின் கோழையிலும் நுரையீரலிலும் பூசணம் வளர்ந்திருந்ததை எழுதிவைத்தார். 1863இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோன கானமயில் இனப் பறவை ஒன்றின் நுரையீரலில் இருந்துதான் ஃபிரசேனியஸ் என்ற அறிஞர் ஃபியூமிகேட்டஸ் வகையை எடுத்துப் பெயரிட்டார். பாரிஸ் நகரில் ஒரு விசித்திரமான தொழில் இருந்தது. புறாக்களைக் கொழுக்க வைப்பதற்காகத் தானியத்தைத் தம் வாயில் மென்று, புறாவின் அலகுக்குள் ஊட்டுவார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குக் காசநோயைப் போன்றே இருமலும் இரத்தமும் கண்டன. பூசணம் பிடித்த தானியமே காரணம் என்று 1890இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விளக்கினார்கள்.

பிறகு காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தன. முன்பெல்லாம் மாண்டுபோயிருக்கக்கூடியவர்கள் பிழைத்து, ஆனால் நுரையீரலில் குழியோடு வாழ்ந்தார்கள். பூசணத்திற்கு வீடு பெருகியது. பிரிட்டனில் 1960களின் பிற்பகுதியில் 544 பேரை ஆராய்ந்தார்கள். அவர்கள் அனைவரும் காசநோய் குணமாகி, 2.5 செண்டிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள குழி எஞ்சியவர்கள். அவர்களுள் நான்கில் ஒருவரின் இரத்தத்தில் இப்பூசணத்திற்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து அவர்களையே மறுபடி பார்த்தபோது அந்த விகிதம் கூடியிருந்தது. அண்மையில், 2019இல் வெளிவந்த உகாண்டா நாட்டு ஆய்வு ஒன்றும் இதையே வேறு விதமாகக் காட்டிற்று. காசநோய் மருந்தை முடித்தவர்களுள் எக்ஸ்ரே படத்தில் குழி இருந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இந்நோய் இருந்தது. குழி இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. காசநோயைத் தொடர்ந்து வரும் இந்நோய் உலகில் ஏறக்குறைய 12 இலட்சம் பேருக்கு இருக்கக்கூடும் என்று 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. மலேசியாவில் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கும், சிங்கப்பூரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கும் புதிதாகக் காசநோய் காண்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது எங்கோ தொலைதூரத்து நோயன்று என்பது விளங்கும்.

காசநோய் வராதவர்களுக்கும் இது வரலாம். நெடுங்காலம் புகைபிடித்து நுரையீரல் சிதைந்தவர்கள், மூச்சுக்குழல் விரிவு நோய் உள்ளவர்கள், நுரையீரலில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்களே. ஆஸ்துமாக்காரர்களுக்கு இதே பூசணத்தின்மேல் ஒவ்வாமை ஏற்பட்டு இழுப்பு மிகுவதுண்டு. அது வேறொரு நோய், சிகிச்சையும் வேறு. இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் அடியோடு குன்றியவர்களைச் சில வாரங்களிலேயே கொன்றுவிடக்கூடிய கடுமையான வகையும் உண்டு. அவற்றுக்குள் நான் இன்று போகவில்லை. வேறு பூசணங்களும் நுரையீரலைத் தாக்கும். வௌவால் எச்சம் நிறைந்த குகைகளில் இருந்து வரும் ஹிஸ்டோபிளாஸ்மா அவற்றுள் ஒன்று. அதற்கு 1906இல் பெயரிட்டவர் பனாமாவில் பணிபுரிந்த சாமுவேல் டார்லிங் என்ற அமெரிக்க மருத்துவர். அதே டார்லிங் பத்தாண்டு கழித்து மலாயாவுக்கு வந்து, கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நம் நோய்க்கு வருவோம். இது மெல்ல வளரும் நோய். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் ‘நாட்பட்டது’ என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். பெரும்பாலோர் அதற்கும் வெகுகாலம் கழித்தே வருகிறார்கள். சிலருக்கு ஒரே குழியில் ஒரே உருண்டை, வேறு தொல்லை எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். வேறு சிலருக்குக் குழி பெரிதாகி, பக்கத்தில் புதுக் குழிகள் தோன்றி, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையும் தடித்து, கடைசியில் ஒரு பக்கத்து நுரையீரலே தழும்பாகிச் சுருங்கிவிடும். சோர்வு, உடல் மெலிவு, விடாத இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை அறிகுறிகள். கடுங்காய்ச்சல் இருப்பதில்லை. எனவே “வயசாகிவிட்டது, இளைக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

அச்சம் தருவது இரத்தம். குழியைச் சுற்றி ஏற்படும் அழற்சியால் அங்கே புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மெல்லிய சுவருள்ளவை. ஆனால் அவற்றுக்குள் ஓடுவதோ பெருந்தமனியிலிருந்து அழுத்தத்தோடு வரும் இரத்தம். ஆகவே எளிதில் வெடிக்கும். பல பேருக்குக் கோழையில் கீற்றாக வரும். சிலருக்கு ஒருநாள் திடீரென்று கோப்பைக் கணக்கில் கொட்டிவிடும். அப்படிக் கொட்டும்போது, இரத்தம் போனதால் உயிர் போவதைவிட, அது மற்ற நுரையீரலிலும் நிறைந்து மூச்சு அடைத்து உயிர் போவதே அதிகம். இதனால்தான், எந்தப் பக்கத்தில் நோய் என்று தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று சொல்கிறோம். நல்ல நுரையீரல் மேலே இருக்கும். இரத்தம் அதற்குள் வழியாது. அப்படியே படுத்த நிலையில் ஆம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் இரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இனி, நோயை எப்படி உறுதிப்படுத்துவது? இங்கேதான் சிக்கல். காசநோய்க்கும் இதற்கும் அறிகுறிகள் ஒன்றே. எக்ஸ்ரே படத்திலும் இரண்டுக்கும் குழிதான். எல்லாருக்கும் அழகான உருண்டை தெரிவதில்லை. ஆகையால் மூன்று சான்றுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, குழியோ அதன் சுவரோ மாறிக்கொண்டு வருகிறதா என்று காண்பது ஒன்று. இதற்காகவே பழைய படங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவதுண்டு. சி.டி. ஸ்கேன் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, இரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற சோதனை. எல்லாவற்றிலும் இதுவே மிகவும் பயன்படுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இது எளிதில் கிடைப்பதில்லை; கேட்டால்தான் செய்வார்கள். மூன்றாவது, கோழையில் பூசணத்தை வளர்த்துப் பார்ப்பது. பூசணம் வளரவில்லை என்பதனால் நோயில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இவற்றோடு, காசநோய் திரும்பவும் வந்திருக்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒருசேர இருப்பதும் உண்டு. புற்றுநோய்கூட இப்படி நடிக்கும்.

நம் பெரியவருக்கு எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. அவருடைய மகள் பழைய படங்களை ஓர் உறையில் போட்டு, துணிமணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். அவை இல்லாவிட்டால் நானும் தடுமாறியிருப்பேன்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே குழியில் ஒரே உருண்டை, மற்ற நுரையீரல் நன்றாக இருக்கிறது, உடலும் தாங்கும் என்றால், அறுவை செய்து அந்தப் பகுதியை எடுத்துவிடுவதே முழுமையான தீர்வு. ஆனால் காசநோய் கண்டவர்களுக்குப் பெரும்பாலும் இரு நுரையீரல்களும் பழுதுபட்டிருக்கும். ஆதலால் பலருக்கு அறுவை பொருந்துவதில்லை. அவர்களுக்கு மருந்துதான். 1950களில் வெனிசுவேலா நாட்டு ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார்கள். வலிமையான மருந்து. ஊசி வழியே ஏற்ற வேண்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே மாதக்கணக்கில் கொடுப்பது கடினம். 1980களில் இட்ராகொனசோல் வந்த பிறகுதான், வீட்டிலிருந்தபடியே வாய்வழி உட்கொள்ளும் சிகிச்சை கைகூடியது. 2002 முதல் வோரிகொனசோலும் இருக்கிறது. இவை பூசணத்தின் மேலுறையை ஆக்கும் ஒரு பொருளை உருவாகவிடாமல் தடுக்கின்றன.

இந்தியாவில் சண்டிகர் நகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் செய்த ஆய்வுகள் இந்நோய்க்கு உலகுக்கே வழிகாட்டியுள்ளன. 2013இல் வெளிவந்த ஆய்வில் 31 பேரை இரு பிரிவாக்கினார்கள். இட்ராகொனசோல் ஆறு மாதம் உட்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் தேறினார்கள். அம்மருந்து இல்லாமல் மற்றக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே தேறினார்கள். ஆறு மாதம் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2022இல் வெளிவந்த ஆய்வு அதற்கு விடை தந்தது. ஆறு மாதத்தோடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு இரண்டாண்டுக்குள் நோய் திரும்பியது. பன்னிரண்டு மாதம் உட்கொண்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் திரும்பியது. எனவே ஓராண்டு உட்கொள்ளச் சொல்வதே என் வழக்கம். சிலர் அதற்கும் மேல் தொடர வேண்டியிருக்கும்.

மாத்திரையை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இட்ராகொனசோல் உறைமாத்திரை வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் இரத்தத்தில் சேரும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் பாதி வீண். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன், முடிந்தால் கோலா போன்ற புளிப்புள்ள பானத்தோடு விழுங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையில்லாத கோலாவைப் பயன்படுத்தலாம். நெஞ்செரிச்சலுக்கு என்று மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகள் புளிப்பைக் குறைத்து, இம்மருந்தை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும். அதைவிடப் பெரிய பகை ரிஃபாம்பிசின். காசநோய்க்கான தலைமை மருந்தாகிய அது, கல்லீரலைத் தூண்டிவிட்டு இட்ராகொனசோலை இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பயனில்லை. கொழுப்பைக் குறைக்கும் சில மருந்துகளோடும், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்துகளோடும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில ஸ்டீராய்டுகளோடும் இது மோதும். ஆகவே நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. கணுக்கால் வீங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே சொல்ல வேண்டும். வோரிகொனசோல் உட்கொள்பவர்களுக்கு வெயில் ஆகாது. தோல் கருகிச் சிவக்கும். நெடுநாள் உட்கொண்டால் தோல் புற்றுநோய்கூட வரலாம். நம் நாட்டு வெயிலில் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வெளியே போகக்கூடாது.

இரத்தம் வருவதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரை சிறு கசிவை நிறுத்தும். பெரிய கசிவுக்கு, தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, கசியும் குழாயைத் தேடிப்போய் அதை அடைத்துவிடுவார்கள். 1970களில் பிரான்சு நாட்டில் தொடங்கிய முறை இது. உயிரைக் காக்கும், ஆனால் பூசணம் இருக்கும்வரை மறுபடியும் கசியக்கூடும்.

இன்னொரு செய்தியைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். இருமலுக்குக் கற்பூரவல்லியோ ஆடாதோடையோ காய்ச்சிக் குடிப்பதை நான் தடுப்பதில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், பூசணத்தை அது தொடாது. ஆனால் மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் என்று பாரம்பரிய மருந்தின் பெயரால் கைமாறும் சில பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். உட்கொண்ட இரண்டு நாளில் பசி எடுக்கும், தெம்பு வரும். நோயாளி மகிழ்ந்துபோவார். உள்ளேயோ, வெள்ளணுக்கள் கைகட்டி நிற்க, பூசணம் தங்குதடையின்றிப் பரவும்.

பூசண வித்தை மூச்சிழுக்காமல் வாழ முடியாது. ஆயினும் நுரையீரல் பழுதுபட்டவர்கள் எருக்குழியைக் கிளறுவதையும், பூசணம் பிடித்த தானியத்தைப் புடைப்பதையும், பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் நிற்பதையும் பிறரிடம் விட்டுவிடலாம். பயிர்களின் மேல் தெளிக்கும் சில பூசணக்கொல்லிகள் நம் மாத்திரைகளின் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பழகிப்போன பூசணம் மாத்திரைக்கும் மசிவதில்லை. ஹாலந்து நாட்டுத் துலிப் மலர்ப் பண்ணைகளில் இதைக் கண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூசணங்களின் பட்டியலில் ஃபியூமிகேட்டஸை முதல் வரிசையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காசநோய் முன்பு கண்டு குணமானவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு மேல் இருமலும் மெலிவும் இருந்து, கோழையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால், “பூசண எதிர்ப்பொருள் சோதனை செய்து பார்க்கலாமா, டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெரியவருக்கு மருந்து தொடங்கிய அன்று, தனித் தட்டு வேண்டாம் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “நிச்சயமாத்தானே சொல்றீங்க?” என்று மூன்று முறை கேட்டார். கோழைப் பரிசோதனைத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள தேதியையும் முடிவையும் அவருடைய மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. நான்காம் மாதம் வந்தபோது பெரியவர் மூன்று கிலோ கூடியிருந்தார். பேத்தியும் உடன் வந்திருந்தாள். தாத்தா மாத்திரையோடு குடிக்கும் கோலாவில் தனக்குப் பாதி வேண்டும் என்பது அவளுடைய வழக்காம். அதற்கு என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பத்து மாதம் முடிந்திருக்கிறது. இருமல் குறைந்துவிட்டது, இரத்தம் நின்றுவிட்டது. படத்தில் உருண்டை மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இன்னும் இரண்டு மாத மருந்துக்குப் பின் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.